ஒரு மழைக்குட்டையின் ஆயுள்: சிங்கப்பூரின் குறுவாய்த் தவளைகள்

மழை விட்ட மாலைகளில் புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டோரப் பாதைகளில் நடப்பவர்கள், தரைமட்டத்திலிருந்து எழும் கரகரப்பான ஓர் ஒலியைக் கேட்டிருப்பார்கள். பெரும்பாலோர் அதைச் சில்வண்டின் ஒலி என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அருகே சென்றால் ஒலி நின்றுவிடும். இரண்டு எட்டு பின்வாங்கினால் மீண்டும் தொடங்கும். கைவிளக்கை அடித்துத் தேடினாலும் நனைந்த சருகும் புல்லடியும்தான் தெரியுமே தவிர, ஒலி எழுப்புவது எளிதில் கண்ணில் படாது. பல வேளைகளில் அதை எழுப்புவது, 20 காசு நாணயத்தின்மேல் கச்சிதமாக உட்காரக்கூடிய ஒரு தவளை. மரமேறாமல், ஆற்றிலும் குளத்திலும் நிலையாகத் தங்காமல், சருகுக்கும் மண்ணுக்கும் இடையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் இத்தகைய சிறு தவளைகளைக் குறுவாய்த் தவளைகள் என்கிறோம். மைக்ரோஹைலிடே என்பது இவற்றின் குடும்பப் பெயர். 700க்கும் மேற்பட்ட இனங்களுடன், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா, நியூகினி, அமெரிக்கக் கண்டங்கள் என வெப்பமண்டலம் முழுவதும் பரவியிருக்கும் இது, தவளைக் குடும்பங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

சிங்கப்பூரில் காடுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரங்களையும் ஹெக்டேர்களையும் சார்ந்தே நடக்கிறது. அது தேவையான பேச்சுதான். ஆனால் இந்தத் தவளைகளின் பிழைப்பு அந்த அளவுகோலில் அடங்குவதில்லை. சில அங்குல ஆழமுள்ள ஒரு மழைக்குட்டை எத்தனை வாரம் வற்றாமல் இருக்கிறது, அதைச் சுற்றிக் கிடக்கும் சருகு எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே அவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. ஒரு நகரம் தன்னைத் தூய்மையாகவும் நோயற்றதாகவும் வைத்துக்கொள்ள முனையும்போது முதலில் அகற்றுவதும் இவ்விரண்டையும்தான்.

முதலில் இவற்றின் உடலைப் பார்ப்போம். கூர்ந்த சிறு தலை, அதை ஒட்டினாற்போல் பின்னோக்கி அகலும் உடல், உடலுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறிய வாய் என்ற அமைப்பு இக்குடும்பத்தின் ஆசிய இனங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. பெரிய வாயுள்ள தவளை, அசையும் எதையும் விழுங்கப் பார்க்கும். இவையோ எறும்பு, கறையான், உண்ணிவகைச் சிற்றுயிர்கள் போன்றவற்றை ஒவ்வொன்றாகவும் ஏராளமாகவும் உண்கின்றன. இரை சிறியதாக இருப்பதால் நாக்கின் குறி தப்பக் கூடாது. இக்குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்கள் தலையைத் திருப்பாமலேயே நாக்கைப் பக்கவாட்டில் செலுத்த வல்லவை என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. எறும்பு வரிசையின் ஓரமாக அமர்ந்து, உடலை அசைக்காமல் இரையெடுக்க இது எவ்வளவு பொருத்தமான திறன் என்பதை விளக்கத் தேவையில்லை.

சிறிய உடலுக்கு ஒரு விலையும் உண்டு. தவளைகள் வாயால் நீர் குடிப்பதில்லை; தோல் வழியாகவே உறிஞ்சுகின்றன, தோல் வழியாகவே இழக்கவும் செய்கின்றன. உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே இரண்டு செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தவளை, பத்துச் செண்டிமீட்டர் தவளையைவிட மிக விரைவாக உலர்ந்துபோகும். காய்ந்த சிமெண்ட் நடைபாதையைப் பகலில் கடப்பது அதற்கு உயிராபத்தான பயணம். சருகுப் படுகையின் அடியில், வெளியே வெயில் காய்ந்தாலும் ஈரம் நீடிக்கும் அந்த மெல்லிய இடைவெளிதான் அதன் உலகம்.

சிங்கப்பூரில் மைக்ரோஹைலா பேரினத்தைச் சேர்ந்த மூன்று தவளைகளை முதன்மையாகச் சொல்லலாம். பரவலாகக் கேட்பது மைக்ரோஹைலா ஹைமான்சி. இளம் பழுப்பு முதுகு, இருபுறமும் கரிய பக்கங்கள், முதுகின் நடுவே ஓடும் மெல்லிய வெளிர்கோடு, அந்தக் கோட்டின் மத்தியில் ஒரு சிறு கரும்புள்ளி. இந்தப் புள்ளியைக் கண்டால் அடையாளத்தில் ஐயமில்லை. காட்டோரங்களிலும் பூங்காக்களிலும், கொஞ்சம் குலைந்த நிலத்திலும்கூட இது வாழ்ந்துவிடுகிறது. இரண்டாவது மைக்ரோஹைலா பட்லெரி. சிறு செம்மஞ்சள் கொப்புளங்கள் தெறித்த முதுகில் வெளிர் விளிம்பிட்ட கருநிறக் கோலம் கொண்ட இதை, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லாருட் மலையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் புலஞ்சர் என்ற விலங்கியலாளர் விவரித்தார். மூன்றாவது மைக்ரோஹைலா மாந்தெயி. இது காட்டைவிட்டு அதிகம் வெளியேறாது. முன்னிரண்டும் ஓரளவு நகரத்தோடு ஒத்துப்போகின்றன, மூன்றாவது ஒத்துப்போவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது, ஏனெனில் "சிங்கப்பூரில் தவளைகள் நன்றாகத்தானே இருக்கின்றன" என்ற பேச்சு பெரும்பாலும் முதல் வகையினரின் குரலைக் கேட்டு எழுவதாகும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளின் வடிகால்களிலிருந்து கனமழைக்குப்பின் எழும் ஆழ்ந்த, நீண்ட குரலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தவளையுடையதுதான். கலூலா புல்க்ரா எனப்படும் அது ஏழெட்டுச் செண்டிமீட்டர் வரை வளரும். பின்னங்காலின் அடியிலுள்ள மண்வெட்டி போன்ற முண்டால் பின்னோக்கி மண்ணைத் தோண்டி இறங்கும். மிரண்டால் உடலை ஊதிப் பெருக்கும். ஆனால் இது சிங்கப்பூரின் பூர்விக உயிரினமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. வந்த தவளையின் குரல் குடியிருப்புப் பேட்டைகளில் ஓங்கி ஒலிக்க, மண்ணுக்குரிய சிறிய உறவினங்களின் குரல் காட்டோரத்தில் பூச்சி ஒலியாகத் தவறாக எண்ணப்படுகிறது.

இந்தத் தவளைகளின் வாழ்க்கையில் மிகவும் வியப்புக்குரிய பகுதி தலைப்பிரட்டைப் பருவம். மழை பெய்து குட்டை நிறைந்ததும் ஆண் தவளைகள் நீரோரப் புல்லடியில் ஒளிந்துகொண்டு குரலெழுப்புகின்றன. பெண் தவளை இடும் முட்டைகள் நீரின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காக, ஒரு மெல்லிய படலம்போல் பரவி மிதக்கின்றன. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவு. ஆழத்தில் கொத்தாகக் கிடந்தால் உள்ளிருக்கும் கருக்களுக்கு மூச்சுத் திணறும். மேற்பரப்பில் விரிந்து கிடப்பதால் ஒவ்வொரு முட்டையும் காற்றுக்கு அருகில் இருக்கிறது.

பொரிந்து வரும் தலைப்பிரட்டைகளுக்கு மற்ற தவளைக்குஞ்சுகளுக்கு இருப்பது போன்ற கொம்புப் பொருளாலான தாடையோ பற்களோ கிடையாது. பாசியைச் சுரண்டவோ இலையைக் கடிக்கவோ அவற்றால் முடியாது. நீரை வாய்வழியே உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளையும் துகள்களையும் செவுள் பகுதியின் சளியில் சிக்கவைத்து, வடிகட்டிய நீரை உடலின் அடிப்பக்கத்திலுள்ள ஒற்றைத் துளை வழியாக வெளியேற்றுகின்றன. காட்டோரப் பாதையில், வண்டிச் சக்கரம் பதிந்து உண்டான ஒரு பள்ளத்தின் அருகே குந்தி, விளக்கொளியைச் சாய்வாக அடித்து இதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தெரிந்தது கண்கள் மட்டுமே. உடல் கண்ணாடியாகத் தெளிந்திருந்ததால், இரண்டு கரும்புள்ளிகள் இணையிணையாக நீரில் தொங்குவதாகத் தோன்றியது. பிறகுதான் சுருண்ட குடலும், வால் நுனியின் இடையறாத மெல்லிய அதிர்வும் புலப்பட்டன. அவை நீந்திப் போகவில்லை. வாலின் நுனியை மட்டும் துடிக்கவிட்டுக்கொண்டு, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நிலையாக நின்றிருந்தன.

ஹைமான்சியின் தலைப்பிரட்டைக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும் புனலாக விரிந்திருக்கும். நீர்ப்பரப்பில் படியும் மகரந்தம், நுண்துகள், நுண்ணுயிர்ப் படலம் ஆகியவற்றை அது மேலிருந்தே இழுத்துக்கொள்கிறது. பட்லெரியின் தலைப்பிரட்டைக்கு அந்தப் புனல் இல்லை. அது நடுநீரில் மிதப்பவற்றை வடிகட்டுகிறது. கையகல ஆழமுள்ள ஒரே குட்டையில் இரு இனங்களும் ஒன்றன் உணவை ஒன்று பெரிதாகப் பறிக்காமல், மேல்தளம் ஒன்றுக்கும் நடுத்தளம் மற்றொன்றுக்குமாகப் பிழைக்க இந்த வேறுபாடு வழி செய்கிறது. காட்டின் மேல்விதானத்தில் பறவைகள் அடுக்கடுக்காக வாழ்வதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரத் தடத்துக்குள் நடக்கும் இந்தப் பங்கீடு அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

குட்டையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிலையான நீர்நிலைகளில் மீன் இருக்கும். மீனுக்குத் தலைப்பிரட்டை எளிய இரை. வற்றிப்போகும் குட்டையில் மீன் இருக்காது. ஆனால் வற்றுவதற்குள் கால் முளைத்து, வால் உதிர்ந்து, கரையேறிவிட வேண்டும். எனவே இவற்றின் வளர்ச்சி சில வாரங்களுக்குள் முடிகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் இந்தப் பந்தயம் எளிதானதாகத் தோன்றலாம். ஆனாலும் மழை சீராகப் பெய்வதில்லை. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை வெறும் 0.2 மில்லிமீட்டர், பிப்ரவரி மாதப் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்தது. அத்தகைய மாதத்தில் திறந்தவெளிக் குட்டைகள் எல்லாம் வெடித்த சேறாகிவிடும். நிழல் சூழ்ந்த, சருகு மூடிய பள்ளங்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும். குட்டையும் சருகும் தனித்தனித் தேவைகள் அல்ல என்பது இங்கே விளங்குகிறது.

இக்குடும்பத்தில் சில இனங்கள் இந்தப் பந்தயத்தையே தவிர்க்க வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. கேலோஃப்ரைனஸ் என்னும் ஒட்டுத்தவளைகள், பிடித்தால் தோலிலிருந்து பசை போன்ற சுரப்பை வெளியிடும். அவற்றில் அறியப்பட்ட பல இனங்களின் தலைப்பிரட்டைகள் உணவே உண்ணாமல், முட்டையின் மஞ்சள்கருச் சேமிப்பைக்கொண்டே வளர்ந்து முடிக்கின்றன. உணவில்லாத ஒரு மரப்பொந்து நீரும் அவற்றுக்குப் போதும். சரவாக்கின் குபா மலைப்பகுதியில் வாழும் ஒரு மைக்ரோஹைலா, நெபந்தஸ் அம்புலேரியா என்னும் குடுவைச் செடியின் குடுவைக்குள் தேங்கும் நீரிலேயே குஞ்சு வளர்க்கிறது. அதன் ஆண் தவளைகளின் நீளம் 10.6 முதல் 12.8 மில்லிமீட்டர் வரைதான். அந்தக் குடுவைச்செடி சிங்கப்பூரிலும் வளர்கிறது, தவளை மட்டும் இங்கில்லை. நியூகினித் தவளைகள் இன்னும் ஒருபடி மேலே போய் நீரையே கைவிட்டுவிட்டன. முட்டைக்குள்ளேயே உருமாற்றம் முடிந்து முழுத் தவளையாக வெளிவருகின்றன. பாப்புவா நியூகினியின் அமாவு கிராமத்தருகே சருகுக்கடியில் கண்டறியப்பட்டு 2012ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட பீடோஃப்ரைனே அமாவென்சிஸ் இவ்வகையைச் சேர்ந்தது. சராசரி நீளம் 7.7 மில்லிமீட்டர். ஆய்வாளர்கள் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. 8,400 முதல் 9,400 ஹெர்ட்ஸ் வரையிலான, பூச்சி ஒலியையொத்த அதன் கீச்சுக்குரலைப் பின்தொடர்ந்து, சருகைக் கைநிறைய அள்ளிப் பையிலிட்டு, ஒவ்வொரு இலையாகப் புரட்டித் தேடிப் பிடித்தார்கள்.

உடல் எவ்வளவு தூரம் சிறுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை வேறொரு குடும்பத்துத் தவளைகள் காட்டுகின்றன. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் வாழும் பிராக்கிசெஃபாலஸ் தவளைகள் தாவும்போது காற்றில் கட்டுப்பாடின்றிச் சுழன்று, முதுகாகவோ பக்கவாட்டிலோ விழுகின்றன. உடல் சிறுத்ததில் உட்செவியின் அரைவட்டக் குழாய்களும் மிகக் குறுகிவிட்டதால், சுழற்சியை உணர்ந்து உடலைச் சரிசெய்ய வேண்டிய சமநிலை உறுப்பு போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு விளக்கியது. நம் மைக்ரோஹைலாக்கள் அந்த எல்லைக்கு இப்பால் இருப்பதால், தங்கள் உடல் நீளத்தைப்போல் பல மடங்கு தாவி, கால்களாலேயே தரையிறங்குகின்றன.

இவ்வளவு சிறிய, ஒன்றுபோல் தோன்றும் உயிர்களைப் பெயரிட்டுப் பிரிப்பதில் அறிவியல் நெடுங்காலம் தடுமாறியது. தமிழ்நாட்டு வயல்வரப்புகளில் மழைக்காலத்தில் கேட்கும் மைக்ரோஹைலா ஆர்னாட்டா, தெற்காசியா தொடங்கிக் கிழக்காசியா வரை பரவிய ஒரே இனம் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது பல இனங்களின் தொகுதி என்பது உறுதியாயிற்று. சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. இங்குள்ள காட்டுத் தவளை போர்னியோவின் இனமே என்று எண்ணப்பட்டுவந்தது. தீபகற்ப மலேசியாவில் வாழ்வது வேறு என்று கண்டு 2007ஆம் ஆண்டில்தான் மைக்ரோஹைலா மாந்தெயி என்ற பெயர் சூட்டப்பட்டது. அதேபோல இப்பகுதியின் ஒட்டுத்தவளைக்கு 2015ஆம் ஆண்டில், மலேசிய விலங்கியலாளர் லிம் பூ லியாட்டைச் சிறப்பிக்கும் வகையில் கேலோஃப்ரைனஸ் லிம்பூலியாட்டி என்ற புதிய பெயர் வந்தது. இது பெயர்ப்பட்டியலைத் திருத்தும் வேலை மட்டுமன்று. ஆசியா முழுதும் பரவிய இனம் என்று நினைத்திருக்கும்வரை, ஒரு தீவின் சில காட்டுத் துண்டுகளில் அது மறைந்தாலும் கவலைப்படுவார் குறைவு. தீபகற்பத்துக்கு மட்டுமே உரிய இனம் என்று தெரிந்தபின் அதே காட்டுத் துண்டின் மதிப்பு கூடிவிடுகிறது.

இத்தவளைகள் மனிதர்களின் சரக்குகளோடு கடல்கடந்தும் இருக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மங்களூரிலிருந்து கிடைத்தது. அங்கே ஒரு தொழிற்பகுதியில் மட்டும் காணப்பட்டு 2018ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட மைக்ரோஹைலா கோடியல், மரபணு அளவில் இந்திய இனங்களைவிடத் தென்கிழக்காசிய இனங்களுக்கே நெருக்கமாக இருந்தது. அந்த இடம் முன்பு மரக்கட்டைகள் குவிக்கப்பட்ட இடமாதலால், இறக்குமதியான மரங்களோடு தவளையும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்.

இனிச் சிங்கப்பூர் நிலத்துக்கு வருவோம். இத்தீவு தன் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது என்பதை 2003ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. எஞ்சிய காட்டின் பெரும்பகுதி 163 ஹெக்டேர் பரப்புள்ள புக்கிட் தீமா வனப்பகுதியிலும், 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் 1986ஆம் ஆண்டில் புக்கிட் தீமா விரைவுச்சாலை துண்டித்தது. 2013ஆம் ஆண்டில் சாலைக்குமேல் கட்டி முடிக்கப்பட்ட, 62 மீட்டர் நீளமுள்ள உயிரினப் பாலம் அவற்றை மீண்டும் இணைக்க முயல்கிறது. எறும்புண்ணிக்கும் புனுகுப்பூனைக்கும் அத்தூரம் ஒரு பொருட்டன்று. விரல்நுனி அளவுத் தவளைக்கோ அது வழிநெடுக ஈரச் சருகும், இடையிடையே தங்கிப் பிழைக்கக்கூடிய மண்ணும் இருந்தால் மட்டுமே கடக்கத்தக்க தொலைவு. ஒரே இரவில் கடப்பதன்று, தலைமுறைகளாகப் பரவிக் கடப்பது.

2020ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் நடும் திட்டத்தையும், வனப்பகுதிகளைச் சுற்றி அமைக்கப்பட்டுள்ள இயற்கைப் பூங்காக்களையும் நான் மனமார வரவேற்கிறேன். இருந்தாலும் மரத்தடி நிலத்தை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதில் அதே அக்கறை தேவை. சருகை இலை ஊதும் இயந்திரத்தால் தள்ளிப் பைகளில் கட்டி அகற்றிவிட்டால், மேலே விதானம் எவ்வளவு செழித்தாலும் கீழே எறும்புக்கும் கறையானுக்கும் உண்ணிக்கும் தவளைக்கும் இடமில்லை. ஆறுகளை இயற்கை வடிவுக்கு மீட்கும் பணியும் அப்படித்தான். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாய் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றப்பட்டது நாடே பெருமைப்படத்தக்க வேலை. அதில் மீன் வந்தது, நீர்நாய் வந்தது. ஆனால் மீனுள்ள ஓடும் நீர் மைக்ரோஹைலாவுக்கு உதவாது. அதற்கு வேண்டியது ஆற்றங்கரையில், வெள்ளம் வடிந்தபின் தனித்து நிற்கும் பள்ளங்கள்.

தேங்கிய நீர் என்றதும் இங்கே எவருக்கும் டெங்கிதான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்கும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கண்டிப்பு உயிர்காக்கும் கண்டிப்பு. தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவைத் தின்றுவிடும், ஆகவே குட்டைகளை விட்டுவைக்கலாம் என்று சிலர் வாதிடுவதுண்டு. மைக்ரோஹைலாவைப் பொறுத்தவரை அந்த வாதம் தவறு. கடிக்கும் தாடையே இல்லாத வடிகட்டி உண்ணும் குஞ்சு கொசுப்புழுவை வேட்டையாடாது. உண்மையான பதில் வேறிடத்தில் இருக்கிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தை கொசு பெரும்பாலும் தேடி முட்டையிடுவது பூச்சட்டித் தட்டு, வாளி, அடைபட்ட கூரை வடிகால் போன்ற கொள்கலன்களில் தேங்கும் தெளிந்த நீரில். காட்டுக்குள் சேறும் சருகும் கலந்த மண்பள்ளத்தில் அன்று. குடியிருப்பில் கொள்கலனைக் கவிழ்ப்பதும் காட்டோரத்தில் மண்குட்டையை விட்டுவைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 2016ஆம் ஆண்டு முதல் களத்தில் சோதிக்கப்பட்டுவரும் வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் கொசுக்களை வெளியில் விட்டு முட்டைகள் பொரியாமல் செய்யும் திட்டம், நீரில் நஞ்சு கலக்காமலேயே கொசுவைக் குறைக்க முனைவதால் தவளைகளுக்கும் அது நல்ல செய்தி.

ஆகவே கோருவது பெரிய நிலமோ பெரும் செலவோ அன்று. வனப்பகுதிப் பாதையின் நடுவே உண்டாகும் பள்ளத்தை, நடப்பவர் கால் இடறாதபடி சரளை கொட்டி மூடுவது தேவையான வேலை. அதே பாதையின் ஓரத்தில், மரநிழலில் இருக்கும் ஆழமற்ற பள்ளத்தையும் சேர்த்து மூடத் தேவையில்லை. பாதையிலிருந்து பெருக்கிய சருகைப் பையில் கட்டி எடுத்துச் செல்வதற்குப் பதிலாக, அந்தப் பள்ளத்தின் கரையிலேயே தள்ளிவிடலாம்.